காய்ப்புக்குக் காவல் இருந்தேன்

வீணை வாசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் தடுக்கப் போவதில்லை. ஆனால் அவர்களுக்கு இது ஒரு பைத்தியக்காரியின் கதையாகத் தோன்றும். தோன்றட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி நாலு மாதம் ஆகிறது. எழுதுவது வலது கை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

என் பெயர் ஆவுடையம்மாள். பறக்கையில் வீடு. வயது முப்பத்து நாலு. குழந்தை இல்லை. ஒன்பது வயதில் அப்பா வீணையை என் மடியில் வைத்தார். அன்றிலிருந்து மாதத்தில் அந்த மூன்று நாள் போக, சேர்ந்தாற்போல் நாலு நாள் அதைத் தொடாமல் இருந்ததில்லை. பதினாறில் கல்யாணமாகி வந்தபோது, வேளாளர் வீட்டு மருமகளுக்கு இது என்ன வேலை என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் மாதேவன் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். மறுநாள் நெல் குதிர் இருந்த உள்ளறையைக் காலி செய்து, பாயை விரித்து, வீணையைக் கொண்டு வைத்தார். அவருக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வயலில் இரண்டு போகமும் தெரியும்.

அந்த உள்ளறையிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தேன். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். பிறகு நாகர்கோவிலில் வக்கீல் வீடு, தாசில்தார் வீடு என்று நானே போய்ச் சொல்லிக்கொடுத்தேன். பஸ் வந்த பிறகு போய்வருவது எளிதாயிற்று. கல்யாணங்களில் நலங்குக்கு வாசித்தேன். ஊரில் என்னென்ன பேசினார்களோ, எல்லாம் என் காதுக்கும் வந்தது. நான் கொஞ்சம் வாய்க்காரி. பேசியவர்களை வழியில் நிறுத்திக் கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் வீணை டீச்சர் வேலை வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு வித்வான்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும். சரியென்றால் வேலை. டீச்சர் என்று ஒரு புத்தகத்தில் என் பெயரை எழுதுவார்கள், தினமும் அதில் நான் ஒப்புப் போடுவேன், என் கையெழுத்து. பதினெட்டு வருஷமாக நான் யாருக்கு மருமகள், யாருக்கு மனைவி என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் அதெல்லாம் கேட்கமாட்டார்கள். இதை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. சோறு இறங்காத அளவுக்கு ஆசைப்பட்டேன்.

பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது சாரணித் தந்தியை மாற்றினேன். முதல் தந்தி அது, மெல்லிய எஃகு. வெட்டிய முனை இடது கை நடுவிரலில், காய்ப்பின் ஓரத்தில் குத்தியது. ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. நான் தந்தியை இழுத்துக் கட்டிவிட்டுச் சுருதி சேர்க்கப் போய்விட்டேன்.

காய்ப்பு என்றால் என்ன என்று வீணை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இடது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும்தான் தந்தியை அழுத்துவதும் இழுப்பதும். படிக்க ஆரம்பித்த பிள்ளைக்கு அந்த இரண்டு விரலும் வெட்டுப்படும், ரத்தம் கசியும், அழும். தேங்காயெண்ணெய் தொட்டு மறுபடி வாசிக்க வேண்டும். தோல் உரிந்து, வளர்ந்து, மறுபடி உரிந்து கடைசியில் கல்லாகிவிடும். தந்தி ஓடி ஓடி நடுவில் கறுப்பாக ஒரு தடம் விழும். என் தடத்தில் ஒரு நெல்மணியைப் படுக்க வைக்கலாம். காய்ப்பு இருந்தால்தான் நாதம் சுத்தமாக வரும். அதனால் அதைக் கண்போலக் காப்பாற்றுவோம். பாத்திரம் தேய்க்கமாட்டோம், துணி அலசமாட்டோம், இடது கையை வெந்நீரில் நனையவிடமாட்டோம். மாமியார் என்னோடு போட்ட சண்டையில் பாதி இதனால்தான்.

மூன்றாம் நாள் விரல் விண்விண்ணென்று தெறித்தது. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொண்டேன். பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டேன். விரலின் பின்புறம் வீங்கிற்றே தவிர, நுனி எப்போதும்போலத்தான் இருந்தது. கல் எப்படி வீங்கும்? ஐந்தாம் நாள் அக்குளில் நெறி கட்டியது, காய்ச்சல் அடித்தது. வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டி பூட்டச் சொன்னார்.

மேற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை. வராந்தாவில் நீள பெஞ்சு. கையில் தகர வில்லையோடு நாற்பது ஐம்பது பேர். கண் கட்டியவர்கள், கால் அழுகியவர்கள், மண்டைக்காட்டிலிருந்து ஒரு மீன்காரி கைக்குழந்தையோடு. நான் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கீழே விட்டால் உயிர் போயிற்று. பக்கத்தில் இருந்தவள் சாமி வந்திருக்கிறது என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் வெள்ளைக்காரர். தமிழை வேதபுத்தகத்திலிருந்து படித்திருப்பார் போல. முதலில் என் நீரைச் சோதிக்கச் சொன்னார். ஒரு நீல மருந்தோடு கலந்து குழாயில் காய்ச்சுகிறார்கள். நிறம் மாறினால் சர்க்கரை வியாதி, புண் ஆறாது. எனக்கு நீலம் நீலமாகவே இருந்தது. பிறகு ஒரு ஊசியின் மழுங்கிய முனையால் என் விரலை அங்கங்கே அழுத்தினார். நடு நுனியில் அழுத்தியபோது நான் போட்ட சத்தத்தில் வராந்தாவே எட்டிப் பார்த்தது.

"அம்மா, உமது விரலுக்குள் சீழ் உண்டு," என்றார். "விரல் நுனிக்குள் சதை சின்னச் சின்ன அறைகளாக இருக்கிறது. அங்கே சீழ் கட்டினால் இடம் போதாது. மேலே இந்தத் தடித்த தோல் மூடி போல அடைத்திருக்கிறது. வழியில்லாவிட்டால் அது உள்ளே போகும். தோலைச் சீவி எடுக்க வேண்டும்."

"சீவினா எப்பம் திரும்ப வரும்?" என்று கேட்டேன்.

"சீழா?"

"காய்ப்பு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தோல் வளரும். பல மாதங்கள் ஆகலாம்."

"அப்பம் சீவண்டாம். பக்கத்துல எங்கயாவது கீறி விடுங்கோ."

"சீழ் இருக்கும் இடத்தில் அல்லவா வாசல் வைக்க வேண்டும்?"

நான் கையை மடியில் ஒளித்துக்கொண்டேன். பெரிய படிப்புப் படித்த ஒரு மனிதர் அரைமணி நேரம் என்னிடம் மன்றாடினார். கடைசியில் இரண்டு நாள் தவணை கொடுத்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை உப்புப் போட்ட வெந்நீரில் ஊற வைக்க வேண்டும். தோல் இளகும். சீழ் தானாக உடைத்துக்கொண்டு வந்தால் நல்லது, வராவிட்டால் இளகிய தோலைச் சீவுவது எளிது. இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் விரலை நீட்டிச் சொன்னார்.

தோல் இளகும் என்றார் அல்லவா, அதிலேயே என் புத்தி நின்றுவிட்டது. பெண்கள் வார்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்தேன். பரீட்சைக்குப் பதின்மூன்று நாள். விரல் நோவு எப்படியும் வடியும், எத்தனை பேருக்கு வடியவில்லை? காய்ப்பு இளகிப்போனால் பதின்மூன்று நாளில் என்ன செய்ய? வெறும் விரலை வைத்துக்கொண்டு வித்வான்கள் முன்னால் எப்படி உட்காருவேன்?

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "வீணைப் பெட்டிக்குள்ள கறுப்பா ஒரு உருண்டை இருக்கும். அதை எடுத்துட்டு வாங்க."

"எதுக்குட்டி?"

"வாசனைக்கு. இங்க மருந்து நாத்தம் தாங்கல்ல."

வீணையில் மேளக்கட்டு என்று ஒன்று உண்டு. தந்திக்குக் கீழே வரிசையாக நிற்கிற பித்தளை மெட்டுகளை உட்கார வைப்பதற்காகத் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கரிப்பொடியையும் உருக்கிச் செய்கிற மெழுகு. ஆறினால் இறுகிப்போகும், தண்ணீர் புகாது. அவர் பறக்கைக்குப் போய் அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தார். கேள்வி கேட்காமல் கொண்டுவருவது அவர் குணம். கட்டிலருகே இருந்த விளக்கில் காட்டி இளக்கி, இரண்டு விரல் நுனியிலும் அப்பினேன். அழுத்தும்போது கண் இருண்டது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுத்தினேன்.

எங்கள் வார்டு நர்ஸ் ஞானப்பூ, இராஜாக்கமங்கலத்துப் பெண். வேதக்காரப் பிள்ளை, சிரித்த முகம். மூன்று மணி நேரத்துக்கொரு தடவை பேசினில் வெந்நீர் கொண்டுவருவாள்.

"அக்கா, பைய முக்குங்கோ. சூடு பொறுக்குதா?"

பொறுத்தது. பொறுக்காமல் என்ன, விரலுக்கு உள்ளேதான் சூடு போகவில்லையே. இரண்டாம் தடவை அவள் என் விரலைத் திருப்பிப் பார்த்தாள். "வீணைக்காரியளுக்கு விரல் இப்பிடித்தான் கரியா இருக்குமாக்கும்?"

"ஆமா பிள்ளே. காய்ப்பாக்கும் அது."

கூசாமல் சொன்னேன். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அதற்கு முன் அவள் வீணை விரலைப் பார்த்ததில்லை. மெழுகு இளகி ஓரம் விலகினால், அவள் போன பிறகு மறுபடி விளக்கில் காட்டி அழுத்திக்கொண்டேன். டாக்டர் சீழுக்கு வழி கேட்டார். நான் இருந்த இடுக்கையும் அடைத்தேன். இரண்டு நாள் இப்படிக் காவல் காத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் உடம்பு தூக்கிப் போட்டது. நாலு கம்பளி போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. விஷம் மேலே போகும் வழி அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். டாக்டர் ஓடி வந்தார். விரலைப் பிடித்துச் சீவப்போன கத்தியில் மெழுகு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் அதை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார், முகர்ந்தார். அவர் முகம் சிவந்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

"இதை யார் கொண்டுவந்தது?"

ஞானப்பூ தான் இல்லை என்று தலையாட்டினாள். எனக்குப் பல் கிட்டி வாய் திறக்க முடியவில்லை. முடிந்திருந்தாலும் திறந்திருப்பேனா, தெரியாது.

"நான்தான் கொண்டாந்தேன்," என்றார் என் வீட்டுக்காரர். "எனக்கு விவரம் போதாது. அவளை ஒண்ணும் சொல்லாதீங்கோ."

மெழுகுக்குக் கீழே நுனி கறுத்திருந்தது. அது கரிப்பொடியின் கறுப்பு இல்லை, செத்த சதை. விரலை மடக்குவதற்கு உள்ளே நாண் ஒன்று ஓடுகிறதாம், அதற்கு உறை ஒன்று உண்டாம். சீழ் வெளியே வழியில்லாமல் அந்த உறைக்குள் புகுந்து உள்ளங்கை வரை இறங்கியிருந்தது. நாண் அழுகிவிட்டது, எலும்பும் போய்விட்டது. டாக்டர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். "இன்று விரலை எடுக்க வேண்டும். நாளை என்றால் கையை எடுக்க வேண்டும். அதற்கு மறுநாள் என்றால் நான் ஜெபம் பண்ணத்தான் முடியும்." பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர்போல, "முதல் நாள் சீவியிருந்தால் இரண்டு வாரத்தில் சுகமாய் வீட்டுக்குப் போயிருப்பீர்," என்றார்.

நான் செய்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன். "சுண்டுவிரலை எடுங்கோ, நடுவிரலை விட்டிருங்கோ," என்று அந்த மனிதரிடம் கெஞ்சினேன். ஏதோ கடையில் பேரம் பேசுகிறமாதிரி. "வலது கையில எது வேணும்னாலும் எடுத்துக்கோங்கோ" என்றும் கேட்டேன். ஞானப்பூ அழுதாள். டாக்டர் ஒரு காகிதத்தை வீட்டுக்காரரிடம் நீட்டினார். அறுப்பதற்குச் சம்மதம் என்று அவர் ஒப்புப் போட வேண்டும்.

"போடாதீங்க," என்றேன். "நான் செத்தாலும் போட்டும். ஒப்புப் போடாதீங்க. போட்டா இனி என் மொகத்துல முழிக்கப்பிடாது."

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வியர்வை துடைத்துக்கொண்டார். "எனக்கு நீ வேணும்ட்டி," என்று சொல்லிவிட்டுப் போட்டார். அவர் பெயரை எழுத எப்போதும் வெகுநேரம் ஆகும். ஒவ்வொரு எழுத்தாக வரைவார். அன்றும் அப்படித்தான் வரைந்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூக்கின்மேல் துணி வைத்து மருந்தை விடுகிறார்கள். குளோரோபாரம். தித்திப்பாக ஒரு வாடை. ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணவில்லை, சரளிவரிசை சொன்னேன். எதுவரை சொன்னேனோ நினைவில்லை.

விழித்தபோது கை பெரிய பொட்டலமாகக் கிடந்தது. உள்ளங்கையிலும் கீறி, சீழ் வடியத் துணித்திரி வைத்திருந்தார்கள். தினமும் கட்டை அவிழ்த்து, முழுக் கையையும் வெந்நீரில் ஊறவைத்து, பழைய திரியை உருவிப் புதுத் திரி வைப்பார்கள். அந்த வேதனையை எழுத எனக்குச் சொல் இல்லை. அதைவிட ஒன்று உண்டு. இல்லாத விரல் இருந்தது. கட்டுக்குள்ளே அது தந்தியை அழுத்தி இழுத்துக்கொண்டே இருந்தது. மத்தியமத்தை அசைத்தது. நாதம் மட்டும் வரவில்லை. நிறுத்து என்றால் நிற்காது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். ஞானப்பூதான், கால் எடுத்தவர்களுக்கும் இப்படி இருக்கும், கொஞ்ச நாளில் போய்விடும் என்று சொன்னாள்.

வீட்டுக்காரரோடு நான் பேசவில்லை. சொன்னதைச் செய்கிற பிடிவாதம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. மிஷன் ஆஸ்பத்திரியில் சமைத்ததை நான் தொடமாட்டேன் என்று, அவர் வெளியே கொட்டகையில் மூன்று கல் கூட்டிக் கஞ்சி வைத்தார். அடுப்புப் பக்கமே போகாதவர். ஒரு நாள் அடிப்பிடித்திருக்கும், ஒரு நாள் உப்பு இராது, ஒரு நாள் உப்பு மட்டும்தான் இருக்கும். கொண்டுவந்து, ஆற்றி, ஸ்பூனால் ஊட்டுவார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு குடிப்பேன். "போதுமா?" என்பார். பதில் சொல்லமாட்டேன். செம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த மெழுகைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஆறியிருப்பேன்.

பரீட்சை நாளும் வந்தது. காலை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். வார்டுச் சுவரில் ஒரு கடிகாரம். பத்து அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும், வாசிக்க வைத்திருந்ததை வரிசையாக மனதில் வாசித்தேன். எங்கேயும் பிசகவில்லை. பதினொன்று அடித்ததும் எனக்கு வாழ்வது போதும் என்று தோன்றியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு, இந்த உடம்பை இனி எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று நாள் முழுவதும் நினைத்தேன்.

இப்போது ஆறுதல் சொல்ல வருகிறவர்கள், சுட்டுவிரல் ஒன்றால் வாசிக்கலாமே என்கிறார்கள். வாசிக்கலாம். ஒற்றைக் காலால் நடக்கலாமே என்பதுபோலத்தான். வாயால் பாடிச் சொல்லிக்கொடுக்கலாமே என்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள், சொல்லிக்கொடுக்கிறேன். என் வீணை உறைக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் வேறு யாரோ ஒருத்தி ஒப்புப் போடுகிறாள். நல்லா வாசிப்பாளாம்.

வீணைக்காரர்களுக்குச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

விரலை எடுத்துப் பத்தொன்பதாம் நாள். மத்தியானம். வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டு ஞானப்பூ போனாள். சுட்டுவிரலை மட்டும் கட்டாமல் வெளியே விட்டிருந்தாள். அதன் நுனியில் வெள்ளையாக ஏதோ தூக்கிக்கொண்டு நின்றது. வலது கையால் தொட்டேன். உரிந்தது. இழுக்கக்கூட இல்லை. வெங்காயத் தோல் மாதிரி, காய்ப்பு முழுசாக, நடுவில் தந்தித் தடத்தோடு, கழன்று கையோடு வந்துவிட்டது. கீழே தோல் ரோஜா நிறத்தில், பிறந்த பிள்ளையின் குதிகால் மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருஷமாக நாலு நாள் சேர்ந்து சும்மா இருந்ததில்லை, அதனால் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. வாசிக்காமல் கொஞ்ச நாள் இருந்தால் போதும், யாரும் சீவ வேண்டாம், காய்ப்பு தானே போய்விடும். நடுவிரல் பிழைத்திருந்தாலும் அதன் காய்ப்பும் இப்படித்தான் போயிருக்கும்.

அந்த நேரம் அவர் கஞ்சிச் செம்போடு உள்ளே வந்தார்.

"இன்னா பாருங்க," என்றேன்.

பத்தொன்பது நாளுக்குப் பிறகு என் குரலைக் கேட்டு அவர் அப்படியே நின்றார். செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"என்னதுட்டி இது?"

"காய்ப்பு."

"டாக்டர் சீவினாரா?"

"இல்ல. தானா வந்துட்டு."

அவர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, என்ன புரியவில்லையோ. "வலிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன். "ஒண்ணுமே தெரியல்ல."

சொன்னதும் அழுகை வந்தது. விரலை எடுத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. வார்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்து பார்த்தது, ஞானப்பூ ஓடி வந்தாள். அவர் ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையிலிருந்த அந்தத் தோலை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றார்.